டானிக் விளைவித்ததா, மண் விளைவித்ததா? எக்செலுடன் 'ஆர்' மென்பொருளை இணைத்துக் கணக்கிட்டு அறியும் முறை

வளர்ச்சி ஊக்கி, நுண்ணூட்டக் கலவை, உயிர் உரம், புதிய இரகம் என்று ஆண்டுதோறும் ஏதேனும் ஒன்று நம் விவசாயிகளின் வயலுக்கு வந்துகொண்டே இருக்கிறது. வாங்கிய விவசாயி ஒரு வயலில் தெளித்துப் பார்க்கிறார். பக்கத்து வயலைத் தெளிக்காமல் விடுகிறார். தெளித்த வயலில் 2 மூட்டை கூடுதலாகக் கண்டால், அடுத்த போகத்தில் நிலம் முழுவதற்கும் வாங்குகிறார். குறைவாகக் கண்டால், அது நல்ல பொருளாகவே இருந்தாலும் ஒதுக்கிவிடுகிறார். அந்த 2 மூட்டை டானிக்கால் வந்ததா, தெளித்த வயல் வாய்மடையில் இருந்ததால் வந்ததா என்பது தெரியாமலேயே பணம் செலவாகிறது.

இதைப் பிரித்தறியக் கணக்கு உண்டு. ஆராய்ச்சி நிலையங்களில் நெடுங்காலமாகப் பயன்படுத்தப்படும் அக்கணக்கை, இன்று வீட்டிலுள்ள கணிப்பொறியில், கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ போட்டுத் தர முடியும். அதற்கு வேண்டியவை மூன்று: ஒழுங்காக அமைக்கப்பட்ட ஒரு சிறு வயல் சோதனை, எடைகளைப் பதிவு செய்ய எக்செல் போன்ற அட்டவணை மென்பொருள், கணக்கைச் செய்ய 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருள். இவை இரண்டையும் இணைக்கும் முறையையும், அதனால் விவசாயிக்கு என்ன பயன் என்பதையும் இங்குக் காண்போம்.

கணக்கு பிறந்தது வயலுக்காகத்தான்

குறைந்த எண்ணிக்கையிலான அளவுகளை வைத்துக்கொண்டு நம்பத்தக்க முடிவுக்கு வருவது எப்படி என்பதை 1908-ல் வெளியிட்டவர் வில்லியம் கோசெட். இவர் அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள கின்னஸ் மதுவடிப்பு ஆலையில் பணிபுரிந்தவர். ஆலைக்கு வேண்டிய பார்லி இரகங்களின் வயல் சோதனைகளிலும் ஈடுபட்டவர். 'மாணவர்' என்று பொருள்படும் புனைபெயரில் எழுதினார். பின்னர் 1919-ல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர், வயலைத் தொகுதிகளாகப் பிரிப்பது, எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிப்பது ஆகிய முறைகளை வகுத்தார். 1925-ல் வந்த அவரது நூல் இம்முறைகளை உலகெங்கும் பரப்பியது.

அக்காலத்தில் இக்கணக்குகளைக் கையால் போட நாட்கணக்கில் ஆயிற்று. இப்போது அதே வேலையை நொடியில் செய்வது 'ஆர்' மென்பொருள். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரு ஆசிரியர்கள் இதைத் தொடங்கினர். 1995-ல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்துடன் வெளியிட்டனர். முழுமையான முதற்பதிப்பு 2000-ஆம் ஆண்டில் வந்தது. இன்றும் இதற்கு விலை கிடையாது.

ஒரு பட்டாணி வயல் சொல்லும் பாடம்

'ஆர்' மென்பொருளை நிறுவியவுடன், பயிற்சிக்கென்று சில பழைய ஆய்வு விவரங்கள் அதனுடனேயே வருகின்றன. அவற்றுள் ஒன்று தழை, மணி, சாம்பல் சத்துக்களைப் பட்டாணிப் பயிருக்கு இட்டுப் பார்த்த சோதனை. வயல் 6 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. தொகுதிக்கு 4 பாத்திகள் வீதம் மொத்தம் 24 பாத்திகள். ஒவ்வொரு பாத்தியும் ஏக்கரில் 70-ல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 1.4 சென்ட். விளைச்சல் இராத்தலில் நிறுக்கப்பட்டுள்ளது. ஓர் இராத்தல் என்பது சுமார் 454 கிராம்.

மணிச்சத்து மட்டும் இட்ட பாத்திகளைப் பாருங்கள். மூன்றாம் தொகுதியில் அத்தகைய பாத்தி 62.8 இராத்தல் கொடுத்தது. நான்காம் தொகுதியில் அதே உரமிட்ட பாத்தி 44.2 இராத்தல்தான் கொடுத்தது. ஒரே பயிர், ஒரே உரம், ஒரே சோதனை. வித்தியாசம் மட்டும் 18.6 இராத்தல். நிலத்தின் ஏற்றத்தாழ்வு எத்தனை பெரியது என்பதை இது காட்டுகிறது.

இப்போது ஒரு விவசாயி தழைச்சத்து மட்டும் இட்ட பாத்தியை நான்காம் தொகுதியிலும், மணிச்சத்து மட்டும் இட்ட பாத்தியை மூன்றாம் தொகுதியிலும் வைத்து ஒப்பிட்டார் என்று கொள்வோம். முன்னது 62.0, பின்னது 62.8. "தழைச்சத்து இட்டும் ஒன்றும் பயனில்லை" என்று அவர் முடிவு கட்டிவிடுவார். நான்காம் தொகுதிக்குள்ளேயே ஒப்பிட்டிருந்தால் 62.0-க்கு எதிரே 44.2 நின்றிருக்கும். இரண்டு வயலை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில் உள்ள அபாயம் இதுவே.

24 பாத்திகளையும் சேர்த்துப் பார்ப்போம். தழைச்சத்து இட்ட 12 பாத்திகளின் சராசரி 57.7 இராத்தல், இடாத 12 பாத்திகளின் சராசரி 52.1. வித்தியாசம் 5.6 இராத்தல். ஏக்கர் கணக்கில் சுமார் 178 கிலோ. சாம்பல் சத்து இட்டவற்றின் சராசரி 52.9, இடாதவற்றின் சராசரி 56.9. அதாவது இட்டதில் 4 இராத்தல் குறைவு. மணிச்சத்து இட்டவை 54.3, இடாதவை 55.5. இந்தச் சராசரிகளை எக்செலே போட்டுவிடும். ஆனால் இவற்றுள் எது உரத்தின் வேலை, எது தற்செயல் என்பதைச் சராசரி சொல்லாது.

அதைச் சொல்வது 'ஆர்'. உரத்தால் எந்த மாற்றமும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாகத் தோன்ற எத்தனை வாய்ப்பு என்று அது கணக்கிடுகிறது. தொகுதிகளுக்கு இடையேயுள்ள மண் வித்தியாசத்தைக் கழித்துவிட்டுக் கிடைக்கும் விடைகள் இவை:

தழைச்சத்து: 1000-ல் 4 வாய்ப்பு. தற்செயல் என்று ஒதுக்க முடியாது.
மணிச்சத்து: 100-ல் 47 வாய்ப்பு. இந்த வித்தியாசத்தை வைத்து எதுவும் சொல்வதற்கில்லை.
சாம்பல் சத்து: 100-ல் 3 வாய்ப்பு. விளைச்சல் குறைந்தது கவனிக்கத்தக்கது.

பொதுவாக 100-ல் 5-க்குக் கீழ் இருந்தால் அந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்தலாம் என்பது வழக்கம். இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். தொகுதிகளைப் பிரிக்காமல், இட்ட 12 பாத்திகளையும் இடாத 12 பாத்திகளையும் நேராக ஒப்பிட்டால், சாம்பல் சத்துக்கு 100-ல் 12 வாய்ப்பு என்று விடை வருகிறது. அப்போது அந்தக் குறைவு நம் கண்ணில் படாமலேயே போயிருக்கும். மண்ணின் வித்தியாசம் உரத்தின் வித்தியாசத்தை மூடி மறைத்துவிடுகிறது.

இம்முடிவு அந்த நிலத்திற்கும் அந்தப் பருவத்திற்கும் உரியது. இதைப் படித்துவிட்டு எவரும் சாம்பல் சத்து இடுவதை நிறுத்திவிடலாகாது. தங்கள் நிலத்திற்கு மண் பரிசோதனைப் பரிந்துரையே வழிகாட்டி.

எஞ்சின், பம்பு, பெல்ட்

எண்ணெய் எஞ்சின் தனியாகவும் பம்பு தனியாகவும் நின்றால் தண்ணீர் வராது. இடையில் பெல்ட் மாட்ட வேண்டும். எக்செலுக்கும் 'ஆர்' மென்பொருளுக்கும் உள்ள உறவும் அவ்வாறே.

எக்செலில் கட்டம் கட்டமாக எண்களை எழுதலாம், கூட்டலாம், படம் போடலாம். பார்த்துப் பழகிய கணக்கு நோட்டுப் போலவே இருப்பதால் எவரும் எளிதில் கற்கலாம். இரண்டு குழுக்களை ஒப்பிடும் சிறு சோதனைக் கணக்குகளும் அதில் உண்டு. ஆனால் மூன்று உரம், ஆறு தொகுதி என்று வந்தால் அதனுடன் வரும் கருவிகள் போதா. 'ஆர்' எந்தச் சிக்கலான கணக்கையும் செய்யும் எஞ்சின். ஆனால் அதற்குக் கட்டளைகளை வரி வரியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். புதியவர்களுக்கு இது மலைப்பைத் தரும்.

இவற்றை இணைக்கும் பெல்ட்தான் 'ஆட்-இன்' எனப்படும் இணைப்பு மென்பொருள். இதை நிறுவினால் எக்செலின் மேற்பட்டியில் புதிய பட்டியல் ஒன்று சேரும். எண்கள் உள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால், பின்னணியில் ஓடும் 'ஆர்' அவற்றை வாங்கிக் கணக்கிட்டு, விடையை எக்செல் கட்டத்திலேயே திருப்பி வைக்கும். கட்டத்துக்குள் சூத்திரமாகவே எழுதி வைத்தால், ஓர் எடையைத் திருத்தியவுடன் விடையும் தானே மாறும்.

இவ்வகையில் முன்னோடி 'ஆர்எக்செல்' என்ற ஆட்-இன். வியன்னா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் நாய்விர்த், தாமஸ் பையருடன் சேர்ந்து இதை உருவாக்கினார். எக்செல் வழியாக 'ஆர்' கற்பதற்கென்று ரிச்சர்டு ஹைபெர்கரும் நாய்விர்த்தும் எழுதிய நூல் 2009-ல் வெளிவந்தது.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. எஞ்சின் மாறினால் பெல்ட்டின் அளவும் மாறும். எக்செலின் பதிப்போ 'ஆர்' பதிப்போ மாறும்போது பழைய ஆட்-இன் ஓடாமல் நின்றுவிடலாம். எனவே நிறுவுமுன், தங்கள் கணிப்பொறியில் உள்ள பதிப்புகளுக்கு அது ஏற்றதா என்று பார்க்க வேண்டும். ஆட்-இன்களை அவற்றை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். வேறிடங்களில் கிடைப்பவற்றோடு வைரஸும் சேர்ந்து வரக்கூடும்.

பெல்ட் இல்லாவிட்டாலும் வழி உண்டு. எடைகளை எக்செலில் எழுதி, 'சி.எஸ்.வி.' என்ற எளிய கோப்பாகச் சேமித்து, அதை 'ஆர்' மென்பொருளில் திறக்கலாம். கட்டளை தட்டச்சு செய்யத் தயங்குபவர்களுக்குக் கனடா நாட்டுப் பேராசிரியர் ஜான் ஃபாக்ஸ் உருவாக்கிய 'ஆர் கமாண்டர்' உதவும். பட்டியலில் தொட்டுத் தேர்ந்தெடுத்தே கணக்கை முடிக்கலாம். கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வயல் ஆய்வுகளுக்கென்றே, 'ஆர்' மென்பொருளை உள்ளே வைத்து, 'கிரேப்ஸ்' என்ற இணையவழிக் கருவியை அமைத்துள்ளனர். எக்செலுக்கு விலை கொடுக்க இயலாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் 'லிப்ரே ஆபீஸ்' அட்டவணையைப் பயன்படுத்தலாம்.

வயலில் செய்ய வேண்டியவை

எந்த மென்பொருளும் தவறாக அமைத்த சோதனையைச் சரி செய்யாது. ஆகவே கீழ்க்காணும் முறைகளைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

1. ஜோடிப் பாத்திகள் அமைத்தல்: டானிக் தெளிப்பது, தெளிக்காதது என இரண்டை ஒப்பிட 6 ஜோடிப் பாத்திகள் போதும். ஒவ்வொரு பாத்தியும் ஒன்று முதல் இரண்டு சென்ட் வரை இருக்கலாம். ஜோடியின் இரு பாத்திகளும் அருகருகே, ஒரே மேட்டில் அல்லது ஒரே பள்ளத்தில் அமைய வேண்டும். ஜோடிகளை வாய்மடையிலிருந்து கடைமடை வரை பரவலாக அமைக்கவும்.

2. காசு சுண்டுதல்: ஜோடியில் எந்தப் பாத்திக்குத் தெளிப்பது என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யவும். நாமே தேர்ந்தெடுத்தால் நம்மையறியாமல் நல்ல பாத்திக்கே டானிக் போய்ச் சேரும்.

3. மற்ற யாவும் சமமாக இருத்தல்: இரகம், நாற்றின் வயது, நடவு நாள், அடியுரம், பாசனம், களை எடுத்தல் ஆகியன எல்லாப் பாத்திகளுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். டானிக் தெளிக்கும் அன்று மற்றப் பாத்திக்கு அதே அளவு வெறும் தண்ணீர் தெளிக்கவும். காற்று அடிக்கும்போது தெளிக்க வேண்டாம். உரச் சோதனையாயின், நீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயாதவாறு இடைவரப்பு அமைக்கவும்.

4. ஓரம் தவிர்த்து அறுவடை செய்தல்: பாத்தியின் ஓர வரிசைகளை விட்டுவிட்டு, எல்லாப் பாத்திகளிலும் ஒரே பரப்பை அறுக்கவும். தனித்தனியே அடித்து, ஒரே அளவு காய வைத்து, ஒரே தராசில் நிறுக்கவும். மூட்டைக் கணக்கு உதவாது; கிலோவில் எழுத வேண்டும்.

அட்டவணையில் எழுதும் முறை

ஒரு பாத்திக்கு ஒரு குறுக்குவரிசை. நெடுவரிசைகள் நான்கு: ஜோடி எண், பாத்தி எண், தெளித்ததா இல்லையா, எடை. ஆக, 6 ஜோடிக்கு 12 வரிசைகள். தலைப்பு முதல் வரிசையில் மட்டும் இருக்க வேண்டும். கட்டங்களை ஒன்றாக இணைக்கக் கூடாது.

எடைக் கட்டத்தில் எண் மட்டுமே எழுதவும். '45 கிலோ' என்று எழுதினால் மென்பொருள் அதைச் சொல்லாக எடுத்துக்கொண்டு கூட்டலில் விட்டுவிடும். ஆடு மேய்ந்துவிட்ட பாத்திக்கு எடை கிடைக்காவிட்டால் கட்டத்தை வெறுமையாக விடவும். பூச்சியம் எழுதினால் விளைச்சலே இல்லை என்று பொருளாகிவிடும்.

பாத்தி எண்ணை '2-3' என்று எழுதினால் எக்செல் அதை மார்ச் 2-ஆம் தேதி என்று மாற்றிவிடக்கூடும். இது சிறு விஷயமன்று. மரபணுக்களின் சுருக்கப் பெயர்களை எக்செல் இவ்வாறு தேதியாக மாற்றியதால், 2020-ல் சில மரபணுக்களின் பெயர்களையே விஞ்ஞானிகள் மாற்றி அமைத்தனர். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பழைய வகை எக்செல் கோப்பின் வரிசைகள் நிரம்பிவிட்டதால், ஏறத்தாழ 16,000 கொரோனா நோயாளிகளின் விவரம் உரிய நாளில் கணக்கில் சேராமல் விடுபட்டது. எனவே எழுதி முடித்தபின் ஒருவர் நோட்டைப் படிக்க, மற்றொருவர் திரையைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். நோட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

விடையைப் பணமாக மாற்றுதல்

வித்தியாசம் உண்மை என்று தெரிந்துவிட்டால் போதுமா? அது இலாபமா என்றும் பார்க்க வேண்டும். இங்கும் 'ஆர்' உதவுகிறது. பட்டாணி வயலில் தழைச்சத்தால் கிடைத்த கூடுதல் ஏக்கருக்கு 178 கிலோ என்றோம். அதன் எல்லைகளையும் 'ஆர்' தருகிறது. 100-க்கு 95 நம்பிக்கை அளவில், குறைந்தது 67 கிலோ, அதிகம் 289 கிலோ.

சிறு விவசாயி கணக்குப் பார்க்க வேண்டியது கீழ் எல்லையை வைத்துத்தான். கூடுதலாகக் கிடைக்கும் கிலோவைச் சந்தை விலையால் பெருக்கி, அதிலிருந்து பொருளின் விலையையும் தெளிப்புக் கூலியையும் கழிக்கவும். கீழ் எல்லையிலும் மிச்சம் நின்றால் துணிந்து வாங்கலாம். நடுவில் மட்டும் மிச்சம் நின்று, கீழ் எல்லையில் நட்டம் வந்தால், இன்னும் ஒரு போகம் சிறிய அளவில் சோதித்துப் பார்ப்பது நல்லது. கடன் வாங்கிச் செலவு செய்பவர்களுக்கு இது மிகவும் முக்கியம்.

கணிப்பொறி இல்லாமல் ஒரு சோதனை

கணிப்பொறி வசதி உடனே கிடைக்காதவர்களும் கைவிரல் கணக்கில் ஓரளவு அறியலாம். டானிக்கால் பயனே இல்லை என்றால், ஒரு ஜோடியில் எந்தப் பாத்தி முந்தும் என்பது பூவா தலையா போடுவதைப் போன்றது. 6 ஜோடிகளிலும் தெளித்த பாத்தியே முந்த 64-ல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. அப்படி வந்தால் பொருளில் ஏதோ இருக்கிறது என்று கொள்ளலாம். 5 அல்லது அதற்கு மேற்பட்ட ஜோடிகளில் முந்த 64-ல் 7 வாய்ப்பு உண்டு. இது ஐயத்துக்கு உரியது. 4 ஜோடி, 2 ஜோடி என்று பிரிந்தால் அதை நம்பிப் பணம் போட வேண்டாம். 3 ஜோடி மட்டும் வைத்துச் சோதித்தால், மூன்றிலும் முந்த 8-ல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆகவே அத்தனை குறைவான ஜோடிகள் போதா.

இச்சோதனை எத்தனை ஜோடிகளில் முந்தியது என்பதை மட்டுமே பார்க்கிறது. எத்தனை கிலோ முந்தியது என்பதையும் சேர்த்துப் பார்க்க 'ஆர்' வேண்டும்.

குழுவாகச் செய்தால் பயன் அதிகம்

ஓர் ஊரில் 6 விவசாயிகள் ஆளுக்கு ஒரு ஜோடி வீதம் ஒரே பொருளைச் சோதித்தால், ஒருவருக்கு 2 முதல் 4 சென்ட் நிலமே தேவைப்படும். செலவும் குறையும். ஆறு பேர் நிலத்திலும் சோதிக்கப்படுவதால் முடிவு அவ்வூர் மண் முழுவதற்கும் பொருந்தி வரும். உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் இதை மேற்கொள்ளலாம். விவசாயிகளின் வயலிலேயே சோதனை நடத்துவது வேளாண் அறிவியல் நிலையங்களின் பணிகளுள் ஒன்று. பாத்தி அமைப்பதற்கும், முடிவைப் படித்துப் பொருள் கொள்வதற்கும் அங்குள்ள விஞ்ஞானிகளை அணுகலாம்.

பொருளை விற்க வருபவர் பக்கத்து ஊர் வயலின் படத்தைக் காட்டி, அங்கே இத்தனை மூட்டை கூடியது என்று சொன்னால், அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை ஜோடிப் பாத்திகளில் சோதித்தீர்கள்? எந்தப் பாத்திக்குத் தெளிப்பது என்பதை எப்படி முடிவு செய்தீர்கள்? கூடுதல் விளைச்சலின் கீழ் எல்லை எத்தனை கிலோ? இவற்றுக்குப் பதில் கிடைக்காவிட்டால், முதலில் தெளிக்க வேண்டிய 6 பாத்திகளுக்கான அளவு மட்டும் வாங்கி, வரும் பட்டத்தில் தங்கள் நிலத்திலேயே சோதித்து, எடையைக் குறித்து, கணக்குப் பார்த்தபின் முடிவு செய்யுமாறு விவசாயப் பெருமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.